சிரட்டையளவு சூடு

டைனோசரின் ரத்தம் சூடானதா, குளிர்ந்ததா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. சந்தா கட்டி வாங்கும் அறிவியல் இதழில் அதைப் பற்றி ஏதாவது வந்திருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புகிறேன். எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். குறைவாக இருந்தால் அன்று முழுக்க எரிச்சல். இப்போது நான் வாழும் புக்கிட் காதிலில் என்னோடு இருப்பவர்களுக்கு இது ஒரு கிழவனின் பொழுதுபோக்கு. ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்தக் கேள்வி பொழுதுபோக்காக நுழைந்து, பிறகு வேறொன்றாக மாறியது. மலாக்காவின் காஜா பெராங்கில், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், என் தங்கச்சியின் குழந்தை பிழைக்குமா பிழைக்காதா என்பதற்கும் அதற்கும் தொடர்பு ஏற்பட்டுவிட்டது.

அப்போது நாங்கள் மூன்று பேர். நான், தங்கச்சி, அவள் கணவர். சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த பலகை வீடு; கூரையில் ஒழுகும் இடங்கள் ஐந்து, அவற்றின் கீழே வைக்கப் பாத்திரங்கள் மூன்று. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்; ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவோம். இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் இயற்கைப் பாடம். ஜப்பான்காரன் வந்ததும் கணக்கு சுருங்கியது, இயற்கை காணாமலே போனது. இருவரும் பிள்ளைகளுக்கு ஜப்பானிய எழுத்து சொல்லிக்கொடுத்தோம். எங்களுக்கே அது முந்தின வாரம்தான் தெரிந்திருக்கும். ஊர்க் கடிகாரம் முழுக்கத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்ததால், காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்கும். கடிகாரத்தைப் பார்த்தே வாழ்கிற எனக்கு அது தீராத தொல்லை. வெளிச்சம் பொய்யா, மணி பொய்யா என்று தினமும் மனசு அடித்துக்கொள்ளும்.

பள்ளி சீக்கிரம் விட்டுவிடும். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டிருந்தோம். களை பிடுங்கிக்கொண்டே மச்சானும் நானும் வாதாடுவோம். வாதாட அரசியல் கூடாது. சுவருக்கும் காது இருந்த காலம். செத்து மண்ணாகிப்போன விலங்கைப் பற்றிப் பேசினால் எந்தப் போலீஸும் பிடிக்காது என்பது மச்சானின் கணக்கு.

போருக்கு முன்பு எங்கள் பள்ளிச் சுவரில் ஒரு வண்ணப் படம் தொங்கியது. சதுப்பு நீரில் வயிறுவரை அமிழ்ந்து, கழுத்தை மட்டும் நீட்டி, அசட்டு முகத்தோடு நிற்கும் ஒரு டைனோசர். அதன் காலடியில் அளவுக்காக ஒரு யானை வரைந்திருந்தார்கள். யானை கன்றுக்குட்டி போல இருந்தது. மச்சானுக்கு அந்தப் படம் மனப்பாடம்.

"அது பல்லி ஜாதி மச்சான். ரத்தம் குளிர்ச்சி. வெயில்ல கெடந்து சூடு ஏத்திக்கிட்டாத்தான் ஒரு அடி எடுத்து வைக்கும். நம்ம கால்வாக் கரையில பியாவா கெடக்குதே, அதே கதைதான்" என்றார். பியாவா என்றால் எங்கள் பக்கத்து உடும்பு. ஆள் நீளம் வளரும். காலையில் கால்வாய்க் கரையில் வெயில் காய்ந்துகொண்டு, பக்கத்தில் போனாலும் அசையாமல் கிடக்கும்.

நான் விடவில்லை. "சுவத்துப் பல்லிக்குச் சூடேற கொஞ்ச நேரம் போதும். பியாவாவுக்கு ஒரு மணி நேரம்னு வெச்சுக்குவோம். பத்து யானை கனத்துக்கு இருக்கிறது சூடேறி எந்திரிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். அப்புறம் எப்ப திங்கும்? எப்ப நடக்கும்?"

"சூடேற நேரம் ஆகும்னா, சூடு இறங்கவும் நேரம் ஆகும்ல? ராத்திரி பூரா சூடாவே கெடக்கும். மறுநா காலையில மிச்சச் சூட்டோட எந்திரிச்சு நடந்துரும். உள்ள அடுப்பே வேணாம் அதுக்கு. உடம்பு பெருசா இருந்தா போதும்."

தங்கச்சி அப்போது கர்ப்பமாக இருந்தாள். ஆறு மாதம் முடிந்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து கங்குங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "செத்துப்போன பல்லிக்குக் காய்ச்சல் பாக்குறீங்களே ரெண்டு பேரும், இங்க உயிரோட இருக்கிறவளுக்கு ஒரு கொடம் தண்ணி மொண்டு வையுங்களேன்" என்றாள்.

அந்தத் தண்ணீரிலேயே மச்சான் சோதனை வைத்தார். மண்ணெண்ணெய்த் தகரம் நிறைய வெந்நீர் காய்ச்சினார். அதிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் மொண்டு, இரண்டையும் அடுப்பை விட்டு இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னிடம் போருக்கு முன் வாங்கிய காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதைத் தண்ணீருக்குள் விடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடைந்தால் இந்த ஊரில் இன்னொன்று எங்கே கிடைக்கும்? தினமும் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் எனக்கு நானே காய்ச்சல் பார்த்துக்கொள்கிறவன் நான். கடைசியில் விரலால்தான் பார்த்தோம். சிரட்டைத் தண்ணீர் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிப்போனது. தகரத்துத் தண்ணீர் விளக்கு வைத்த பிறகும் குளிக்க இதமாக இருந்தது.

எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. சூடு வெளியேறுவது தோல் வழியாக. உடம்பு இரண்டு மடங்கு நீளம், அகலம், உயரம் ஆனால் தோல் நாலு மடங்குதான் கூடும். உள்ளே இருக்கும் சதை எட்டு மடங்கு கூடும். பெரியதிடம் சூட்டுக்குச் சேமிப்பு அதிகம், வாசல் குறைவு. சிறியது எல்லாப் பக்கமும் வாசலாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு எத்தனையோ ஆண்டு சதுரமும் கனமும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்குள் ஒரு மிருகம் உயிரோடு நின்றிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் தோற்க மனமில்லை. "பெருசுக்குச் சரி. அதோட குட்டி? முட்டையிலேருந்து வர்றப்ப ஒரு பூனை அளவுதானே இருக்கும்? அதுக்குச் சேமிப்பு எங்கேருந்து? உள்ள அடுப்பு இல்லன்னா அது ராத்திரியைத் தாண்டாது."

மச்சான் தலையைச் சொறிந்தார். "ஆத்தாக்காரி மேல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும் போல" என்று சொல்லிவிட்டு, தகரத்து வெந்நீரில் குளிக்கப் போய்விட்டார்.

மழை தொடங்கியது. ஜப்பான்காரன் வந்த பிறகு இரண்டாவது மழைக்காலம். மச்சானும் நானும் வாதத்தை விட்டு ஒழுகலைக் கவனித்தோம். ஏழாம் மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும், தங்கச்சிக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அது உலுக்கிய உலுக்கலில் வலியும் வந்துவிட்டது. தெரு முழங்கால் தண்ணீர். வண்டி கிடையாது. கூப்பிட்டு வந்த மலாய்க்கார மருத்துவச்சி, இவளை இந்த நிலையில் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்றாள். முற்பகலில் குழந்தை பிறந்தது. பெண்.

மரவள்ளி நிறுக்கும் கைத்தராசில் துணி விரித்து நான் நிறுத்துப் பார்த்தேன். இரண்டரைக் காத்தி. இன்றைய கணக்கில் ஒன்றரைக் கிலோ. ஒரு நல்ல கிழங்கு அதைவிடக் கனமாக இருக்கும். எல்லா விரல்களிலும் நகம் இருந்தது, இருபதும். எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் எண்ணினேன். பால் குடிக்கத் தெரியவில்லை. தங்கச்சி பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாலாடையில் வைத்து, உதட்டு ஓரமாக ஒவ்வொரு சொட்டாக விட்டார்கள்.

வேலி தாண்டிப் பக்கத்து வீட்டில் ஒரு செட்டிக் குடும்பம் இருந்தது. காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலாக்காச் செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் பீபிக் என்றுதான் கூப்பிடுவோம், மூத்த பெண்களை அழைக்கும் அவர்கள் வழக்கப்படி. உயரமும் அகலமுமான மனுஷி. அவர் ஏறினால் எங்கள் படிக்கட்டின் மூன்றாம் பலகை தனியாக ஒரு சத்தம் போடும். அந்தப் பஞ்ச காலத்திலும் அவர் உடம்பு இளைக்கவில்லை. "நான் காற்றைக் குடித்தே பெருப்பேன்" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். பிரசவத்துக்குப் பிறகு தங்கச்சியை அவர்தான் கையில் எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்திலும் சரி, பீபிக் பக்கத்திலும் சரி, மலாய்க்காரர் பக்கத்திலும் சரி, பிரசவம் என்றால் ஒரே நினைப்புதான்: பெற்றவள் உடம்பு குளிர்ந்து போயிருக்கிறது, அதற்குச் சூடு ஏற்ற வேண்டும். கல்லை அடுப்பில் சுட்டு, இலையில் வைத்துத் துணியில் சுற்றி, வயிற்றில் ஒத்தடம். மிளகு, இஞ்சி. வயிற்றுக் கட்டு. கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி. அத்தனை சூடும் தாய்க்கு. குழந்தையோ இப்போதுதான் வயிற்றுச் சூட்டிலிருந்து வந்திருக்கிறது. அதற்கு மேலும் சூடு பட்டால் கண் நோகும், மாந்தம் வரும். ஆகவே அதைத் தாயின் கங்குச் சட்டியிலிருந்து தள்ளி, எதிர் மூலையில், சாரோங் துணியில் கட்டிய ஏணையில் போட்டார்கள். துணிப் பஞ்சம் வேறு. அந்தச் சாரோங்கில் வெளிச்சம் ஊடுருவும். கீழே பலகை இடுக்கு வழியாக மழைக்காற்று ஏறி வந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. நூறு குழந்தைகள் அப்படித்தான் வளர்ந்திருக்கும். அந்த நூறும் ஐந்து காத்திக் குழந்தைகள்.

மறுநாள் குழந்தை நல்ல சிவப்பாக இருப்பதாக வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அழாமல் சமர்த்தாகத் தூங்குகிறது என்றார்கள். மதியத்துக்கு மேல் பாலாடையை வைத்தபோது பால் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்தது. பீபிக் கால் விரலைச் சுண்டினார். அசைவு வந்தது, அழுகை வரவில்லை.

நான் என் பயத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன். உதறி, அந்த நூல்போன்ற கையின் அக்குளில் வைத்து, எண்ணத் தொடங்கினேன். எடுத்துப் பார்த்தால் பாதரசம் கிளம்பவே இல்லை. திரும்ப உதறி, திரும்ப வைத்து, இரண்டு மடங்கு எண்ணினேன். அப்போதும் அது குமிழுக்குள்ளேயே கிடந்தது.

"கெட்டுப்போச்சு போல" என்றேன்.

"ஒங்க அக்குள்ள வச்சுப் பாருங்க மச்சான்" என்றார் மச்சான்.

வைத்தேன். ஒழுங்காக ஏறித் தொண்ணூற்றெட்டைத் தாண்டி நின்றது. இன்னொரு தரம் குழந்தைக்கு வைத்தேன். கிளம்பவில்லை. அந்தக் கண்ணாடிக் குச்சியில் எண்கள் தொண்ணூற்றைந்தில்தான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே மனிதனுக்கு எண் தேவைப்படும் என்று செய்தவன் நினைக்கவில்லை. எங்கள் குழந்தை எண்களுக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

மலாக்காவில், நான் பனியனோடு வியர்த்துக்கொண்டு நிற்கிற ஒரு வீட்டில், ஒரு உயிர் குளிரில் போய்க்கொண்டிருக்கிறது. அது நடுங்கக்கூட இல்லை. நடுங்கியிருந்தால் யாருக்காவது தெரிந்திருக்கும்.

மச்சான் ஏணைக்குள் கைவிட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பயத்தோடு, ஏதோ கண்டுபிடித்தவனின் முகமும் கலந்திருந்தது.

"சிரட்டைத் தண்ணி மச்சான்" என்றார். "இது சிரட்டைத் தண்ணி. நாம இதைத் தகரத்துக்குள்ள ஊத்தணும்."

எனக்குப் புரிந்தது. பீபிக்குக்குப் புரியவில்லை. சுட்ட கல்லைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று அவரே யோசித்துவிட்டு, தோல் வெந்துவிடும் என்று தலையாட்டினார். மச்சான் மலாயில், கையை ஆட்டி ஆட்டி, யானை, பல்லி, வெந்நீர் என்று என்னென்னவோ சொன்னார். சுருக்கம் இதுதான்: இதற்கு உள்ளே அடுப்பு எரிகிறது, ஆனால் சின்ன அடுப்பு, உடம்பு முழுக்க வாசல். ஒரு பெரிய உடம்போடு ஒட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய உடம்பு ஆகிவிடும்.

"குழந்தைக்குச் சூடு ஆகாது, வாத்தியார்களே" என்றார் பீபிக், மலாயில்.

"சூடு போடல பீபிக். பங்கு குடுக்கிறோம்" என்றார் மச்சான்.

அவர் குழந்தையின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "ஆம்பிளைங்க வெளியே போங்க" என்றார்.

முதலில் தங்கச்சியின் மாரில்தான் வைத்தார்கள், துணி எதுவும் இடையில் இல்லாமல், தோலோடு தோல், மேலே எல்லாவற்றையும் மூடி. ஆனால் மலேரியாக்காரியின் உடம்பு யாருக்கும் அடங்காது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப் போட ஆரம்பித்தது, பற்கள் தந்தியடித்தன. உள்ளேயிருந்து "வாங்க" என்று கூப்பிட்ட குரல் கேட்டு மச்சான் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார். மரவள்ளி தின்றே இளைத்த நெஞ்சு. விலா எலும்புகளை நான் வாசலிலிருந்தே எண்ணலாம். பீபிக் அதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"இது மெத்தையா, ஏணியா? குடு இங்கே."

அவர் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். தன் கெபாயாச் சட்டையைத் தளர்த்திக் குழந்தையை உள்ளே நிமிர்த்தி வைத்து, பழைய சாரோங்கால் தன் உடம்போடு சேர்த்துக் கட்டினார். குழந்தையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது, ஆரஞ்சுப் பழத்துக்குக் கொஞ்சம் பெரிதாக. மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஒழுகலுக்கு வைத்த பாத்திரத்தில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னூறுக்கு மேல் தப்பிவிட்டது. திரும்பத் தொடங்க மனமில்லை.

எவ்வளவு நேரம் கழித்தென்று தெரியாது, பீபிக் என்னை நோக்கிக் கையை நீட்டினார். தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். அவரே உள்ளே வைத்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்தபோது மச்சான் முந்திக்கொண்டு வாங்கி ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பார்த்தார். சாய்த்தபடியே நின்றார்.

"என்னா?" என்றாள் தங்கச்சி கட்டிலிலிருந்து. "என்னான்னு சொல்லுங்க!"

"வந்துருச்சு" என்றார். "எண்ணுக்கு மேல வந்துருச்சு."

ஒரு மயிரிழை அளவு வெள்ளிக்கோடு, தொண்ணூற்றைந்தைத் தாண்டி. என் வாழ்நாளில் எத்தனையோ எண்களைப் படித்திருக்கிறேன். எந்த எண்ணின் முன்னும் கைகூப்ப வேண்டும் என்று தோன்றியதில்லை. அடுப்பு இல்லை, கல் இல்லை, மருந்து இல்லை. ஒரு மனுஷி சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் தின்ற மரவள்ளியும் கீரையும் அவருக்குள்ளே எங்கேயோ எரிந்து, தோலைத் தாண்டி, இன்னொரு தோலுக்குள் போய், அங்கே அணையப்போன ஒன்றைத் தூண்டிவிட்டிருந்தது. எங்கள் எல்லோருக்குள்ளும் அந்த நெருப்பு எரிகிறது. இரவு பகலாக, பிறந்த நாளிலிருந்து, ஒரு டிகிரி கூடாமல் குறையாமல். தினமும் இரண்டு தரம் அதை அளந்து பார்த்தவன் நான். அது என்ன அதிசயம் என்று ஒரு தரம்கூட நினைத்ததில்லை. அரை மணி நேரம் கழித்துக் குழந்தை அழுதது. ஈரப் பூனைக்குட்டி கத்துவது போல. தங்கச்சியும் அழுதாள்.

அதன்பிறகு பல வாரங்கள் அந்தக் குழந்தையைக் கீழே வைக்கவில்லை. தங்கச்சிக்குக் காய்ச்சல் இல்லாத நேரமெல்லாம் அவள் மாரில். காய்ச்சல் கண்டால் பீபிக், அல்லது மச்சான். பீபிக்குக்குச் சமையல் இருக்கும்போது நான். முதல் தரம் என் நெஞ்சில் கட்டிவிட்டபோது எனக்கு மூச்சு விடப் பயமாக இருந்தது. என் மூச்சில் அது ஏறி இறங்கியது. அதன் இதயம் என் தோலில் பட்டது; சுவர்க் கடிகாரத்தின் துடிப்பைவிட வேகம், எண்ண முடியாத வேகம். எண்ண முயன்று தோற்றேன். என்னுடைய சூடு எது, அதனுடைய சூடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நேரம் வந்தது. மச்சான் சொன்னது சொல்லழகுக்கு இல்லை. உண்மையிலேயே நாங்கள் ஒரு பெரிய மிருகமாகியிருந்தோம், நான்கு முதுகுகளும் ஒரு சின்னத் தலையும் உள்ள மிருகம்.

பசி மட்டும் அதிகமானது. எல்லோருக்கும்.

"சூடான ரத்தம்னா செலவு மச்சான்" என்பார் மச்சான், கிழங்குச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே. "பியாவா வாரத்துக்கு ஒரு கோழியத் திருடுனா போதும், மிச்ச நாள் படுத்துக்கிட்டே இருக்கலாம். நாம ஒரு நாளைக்கு மூணு வேளை போடலேன்னா அடுப்பு அணைஞ்சிரும். இந்தக் காலத்துல குளுந்த ரத்தமா பொறந்திருக்கணும்."

"ஒங்க டைனோசர் எத்தனை காத்தி திங்கும், சொல்லுங்க. உள்ள அடுப்பு இருந்தா அந்தச் சதுப்பு நெலத்துல இருக்கிற எல தழை போதுமா?"

"போதாது. அதான் சொல்றேன், குளிர்ச்சி."

"அப்ப குட்டி?"

"மெதுவா பேசுங்க ரெண்டு பேரும்" என்பாள் தங்கச்சி. "குட்டி தூங்குது."

அந்த வாதம் இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் மச்சானிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அவர் இப்போது இல்லை. அந்தச் சதுப்பு நிலப் படமே தப்பாம். அவை தரையில் நிமிர்ந்து நடந்தவையாம். எலும்பை அறுத்து உள்ளே இருக்கும் வளையங்களைப் பார்க்கிறார்கள். வேகமாக வளர்ந்திருக்கிறது, அடுப்பு எரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஒரு பக்கத்தார். பெரிதாக இருந்ததாலேயே சூடு நின்றது, தனி அடுப்பு வேண்டியதில்லை என்கிறார்கள் இன்னொரு பக்கத்தார். எங்கள் மரவள்ளித் தோட்டத்தில் பேசியதையே பெரிய பல்கலைக்கழகங்களில் பேசுகிறார்கள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசையைத் துடிக்கவைத்துத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்குமாம். அடைகாக்கும் நாளில் மட்டும். குளிர் ரத்தம் என்று நாம் பெயர் எழுதி ஒட்டிய ஜீவன் அது. ஒரு டைனோசரின் எலும்புக்கூடு அதன் முட்டைகளின் மேலேயே கிடைத்திருக்கிறது, முன்னங்கைகளை இருபக்கமும் விரித்து மூடியபடி. அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை கோடி ஆண்டு என்று போட்டிருந்தது. அந்தப் பூஜ்யங்களை எண்ணத் தோன்றவில்லை.

மழை நின்று, ஊரில் வெயில் ஏறிய ஒரு காலை. தராசில் குழந்தை நாலு காத்திக்கு மேல் இழுத்தது. தங்கச்சியே கேட்டாள்: "எவ்வளவு நாளைக்கு இப்படியே சுமப்போம்? அவளே நிக்கிறாளான்னு ஒரு தரம் பாத்துருவோம்."

எனக்கு வேண்டாம் என்றிருந்தது. இன்னும் அரைக் காத்தி ஏறட்டும் என்றேன். ஐந்து ஆகட்டும் என்றேன். பீபிக் என் கணக்கைக் காதில் வாங்கவில்லை. பாயை விரித்து, அதன்மேல் மடித்த சாக்கும், சாக்கின்மேல் துணியும் போட்டு, குழந்தையைத் தன் மாரிலிருந்து அவிழ்த்துக் கிடத்தினார். ஒரு துணியால் போர்த்தினார். அவ்வளவுதான். முதல் தரமாக அவளைச் சுற்றி யாருடைய உடம்பும் இல்லை.

நான்கு பேரும் பாயைச் சுற்றி உட்கார்ந்தோம். குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அதன் உள்ளே அந்தச் சின்ன அடுப்பு தனியாக, உதவி இல்லாமல், இந்த முழு உலகத்தின் குளிரை எதிர்த்து நிற்க வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு தரம் பாதத்தைத் தொட்டேன். மச்சான் ஒரு தரம் தொட்டார். நான் மறுபடி தொட்டேன். பீபிக் என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ தொட்டுத் தொட்டே சூடாக்கிவிடுவாய். பிறகு அது யாருடைய சூடு?"

அது நியாயமாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். மச்சான் ஜன்னல் கதவைச் சாத்த எழுந்தார். தங்கச்சி பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தார். சாலையில் ஒரு லாரி போயிற்று. பக்கத்துக் கோயில் மணி அடித்தது. வெயில் பலகைத் தரையில் ஒரு சாண் நகர்ந்தது. யாரும் தொடவில்லை.

கடைசியில் தங்கச்சிதான் துணிக்குள் கைவிட்டாள். முதலில் பாதம். பிறகு வயிறு. பிறகு முதுகுக்கு அடியில். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. நான் தெர்மாமீட்டரை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"அவ சூடா இருக்கா" என்றாள். "பீபிக், தொட்டுப் பாருங்க. சூடாத்தான் இருக்கா."

பீபிக் தொட்டார். மச்சான் தொட்டார். நானும் தொட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கிய அந்த வயிறு, வெயிலில் கிடந்த கல்லைப் போல இல்லாமல், தானாகவே சூடாக இருந்தது. அதில் எங்களுடையது ஒன்றும் இல்லை. குழந்தை முகத்தைச் சுளித்து, காலை உதறி, துணியைத் தள்ளிவிட்டு, வீடு அதிர வாய்விட்டு அழுதது.

"பசி" என்றாள் தங்கச்சி. "தள்ளுங்க எல்லாரும். என் பிள்ளைக்குப் பசிக்குது."